உடைந்த வீடு இல்லாத படம்

1. யாழ்ப்பாணத்து அச்சுவேலியில் என் மச்சாள் ஸ்கூட்டர் ஓடப் பழகுவதை நகைச்சுவைக் குறும்படமாக எடுத்தேன்.
2. திரைப்பட விழாக்களுக்கு அனுப்புமுன், படமெடுப்பதில் அனுபவமுள்ள ஓர் அண்ணையிடம் காட்டினேன்.
3. சிரிப்பு வரும் இடமெல்லாம் அவர் சிரித்தார். பிறகு ஆலோசனை சொன்னார்.

"தங்கச்சி, யாழ்ப்பாணப் படம் தனிச்சுத் தெரியவேணுமெண்டா, தொடக்கத்திலை சண்டையிலை உடைஞ்ச ஒரு வீட்டைப் போடும். நடுவர்மார் நிமிர்ந்து பாப்பினம்."

"மச்சாள் இடிச்சு ஒரு மதில் உடையுது. அது காணாதோ, அண்ணை?"

"பகிடி விடாதையும்."

"நான் பகிடிப்படம்தானே எடுத்தனான்!"

உடைந்த வீடுகள் எங்கள் ஊரில் இருக்கின்றன. அவற்றைப் பற்றி ஒருநாள் தனியாகப் படம் எடுப்பேன். இந்தப் படத்துக்கு அலங்காரமாக ஒட்டமாட்டேன். கதைச்சுருக்கத்தில், ஒரு பெண் ஸ்கூட்டர் பழகுகிறாள், வீட்டார் பயப்படுகிறார்கள் என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

இரண்டு விழாக்கள் மறுத்துவிட்டன. மூன்றாவது இன்னும் பதில் தரவில்லை. படத்தில் ஒரு காட்சியையும் நான் மாற்றவில்லை.