பன்வில மலையில் சங்கு ஊதிய நாள்

காலை ஆறரை மணிக்குக் கண்டி புகையிரத நிலையத்துக்கு எதிரே ஒரு சின்னத் தேநீர்க் கடையில் நின்றுகொண்டிருந்தேன். பிளேன்டீ ஐம்பது ரூபா, உளுந்து வடை எழுபது. வடை நேற்றுச் சுட்டது என்று கடித்த பிறகுதான் தெரிந்தது. கண்டிக்குப் போய் வந்தவர்கள் ஏரியைப் பற்றியும் மாளிகையைப் பற்றியும் எழுதுவார்கள். நான் இரண்டையும் பார்க்கவில்லை. நச்சு வாயு கசிந்தால் ஒரு மலையில் இருக்கிற சனங்கள் என்ன செய்வார்கள் என்று ஒத்திகை பார்க்கப் போனேன். அதற்கும் ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்காதீர்கள். போய் வந்ததை யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும்.

என் தொழில் மொழிபெயர்ப்பு. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பெரியவர்கள் பேசுவதைத் தமிழில் சொல்வேன். தமிழில் சனம் சொல்வதைத் திருப்பிச் சொல்வேன். இந்த முறை என்னைக் கூப்பிட்டது, இரசாயனம் பாவிக்கிற தொழிற்சாலைகள் ஒன்றாகச் சேர்ந்து அமைத்த ஒரு குழு. பெரிய விபத்து எதுவும் நடக்காமல் தடுப்பதுதான் வேலை. அரசாங்கம் வந்து அதட்டுவதற்கு முன்னால் நம்மை நாமே திருத்திக்கொள்வோம் என்பது அவர்களுடைய பேச்சு. ஒரு தொழிற்சாலையின் ஆட்கள் இன்னொன்றுக்குப் போய்க் குறை பார்ப்பார்கள். கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது. இன்றைக்குக் குறை பார்க்கிறவரின் வாசலில் நாளைக்கு அடுத்தவர் வந்து நிற்பார், ஆகவே யாரும் யாரையும் கடிக்கமாட்டார்கள் என்பது போகப் போகத்தான் புரிந்தது.

ஏழு மணிக்கு வான் வந்தது. ஓட்டியவர் அக்குறணையைச் சேர்ந்த நவ்பர் நானா. முன்னால் குழுவின் இணைப்பாளர் ரோஹண, கொழும்புப் பக்கத்தில் ஒரு பெயின்ற் தொழிற்சாலையின் முகாமையாளர், நல்ல மனிதர், சிரித்த முகம். பின்னால் என் பக்கத்தில் கேதீஸ்வரன், யாழ்ப்பாணத்துப் பொறியியலாளர். குடிநீருக்குக் குளோரின் கலக்கிற இடத்தில் பல வருடம் வேலை பார்த்தவர். கேட்டதற்கு ஓம் என்பார், இல்லை என்பார், அதோடு சரி.

மடவளை, வத்தேகமை, பன்வில. கண்டியிலிருந்து இருபது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல், ஆனால் வளைவுகளுக்கு ஒரு மணி நேரம் போய்விட்டது. வத்தேகமைக்குப் பிறகு தேயிலை தொடங்கியது. நக்கிள்ஸ் மலைகளில் பாதியை மேகம் மூடியிருந்தது. மேலே என்ன தொழிற்சாலை இருக்கிறது என்று நவ்பர் நானாவிடம் கேட்டேன். கையுறை செய்கிறார்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு போங்க என்றார். பன்வில தாண்டி, தோட்டத்துப் பாதையில் இன்னும் அரை மணி நேரம் குலுங்கினோம். எனக்குச் சாப்பிட்ட வடை மேலே வரப் பார்த்தது.

அது பழைய தேயிலைத் தொழிற்சாலை. தகரச் சுவர், பச்சைப் பெயின்ற், நாலு மாடி. தேயிலை அரைப்பது நின்று போய் இப்போது இறப்பர் கையுறை செய்கிறார்கள். கையுறை ஒட்டாமல் இருக்கக் குளோரின் கலந்த தண்ணீரில் கழுவவேண்டுமாம். அதற்கான உருளைகள் மஞ்சள் நிறத்தில், ஒவ்வொன்றும் ஒரு டொன், பக்கத்துக் கொட்டகையில் படுத்துக் கிடந்தன. கொட்டகைக்கு முன்னால் ஒரு வெட்டவெளி. அதுதான் பெரட்டுக்களம். காலையில் கொழுந்து பறிக்கிறவர்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மலை என்று பிரித்து அனுப்புவதற்குப் பெயர் பெரட்டு. கட்டடம் கை மாறினாலும் பெரட்டு இன்னும் அங்கேதான் நடக்கிறது. களத்துக்குக் கீழே, ஓடை இறங்குகிற பள்ளத்தில் லயங்கள், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். லயத்தின் கடைசிக் காம்பராவில்தான் தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போவார்கள். பிள்ளைக்காம்பரா என்று சொல்வார்கள்.

கேதீஸ்வரன் வானிலிருந்து இறங்கியதும் கொட்டகையைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார், என்னிடம் மெதுவாகச் சொன்னார்: குளோரின் காற்றை விடப் பாரம், கசிந்தால் தண்ணி மாதிரி கீழேதான் இறங்கும். லயத்து ஆட்களுக்கு விளக்கத் துண்டுப்பிரசுரம் ஏதாவது கொடுத்தீர்களா என்று ரோஹணவிடம் கேட்டேன். வேலிக்கு உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும்தான் என்றார். லயம் வேலிக்கு வெளியே.

பத்து மணிக்கு ஒத்திகை. கூரைமேல் இருந்த சங்கை ஊதினார்கள். தேயிலைக் காலத்துப் பழைய சங்கு. அந்தச் சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. உள்ளே இருந்த தொழிலாளர்கள் வரிசையாக வெளியே வந்து, பக்கவாட்டில் மேலே இருந்த மரக்கறித் தோட்டத்துக்கு ஏறினார்கள். ஒருவரை ஒருவர் இடிக்கவில்லை, பாராட்டத்தான் வேண்டும். ரோஹண கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கும் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது.

அப்போதுதான் கீழேயிருந்து சனம் வரத் தொடங்கியது.

முதலில் இரண்டு ஆண்கள், மண்வெட்டியும் அலவாங்குமாக. பிறகு வாளிகளோடு பெண்கள். ஒரு பழைய கதவைக் கழற்றி இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள், அடிபட்டவரைப் படுக்க வைக்க. மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் தலையில் கூடையோடு அப்படியே இறங்கி ஓடி வந்தார்கள். எல்லோரும் வந்து நின்றது பெரட்டுக்களத்தில், மஞ்சள் உருளைகளுக்குப் பக்கத்தில். கடைசியாக வந்தவர் பிள்ளைக்காம்பரா ஆயா. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, மற்றதெல்லாம் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு. தாய்மார் களத்துக்குத்தானே வருவார்கள் என்று குழந்தைகளையும் ஒழுங்காக ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அடக் கடவுளே என்று என் வாயில் வந்துவிட்டது.

ரோஹண கை தட்டினார். ஊர் மக்களின் பங்களிப்பு மிகச் சிறப்பு, குறித்துக்கொள்ளுங்கள் என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். கேதீஸ்வரன் தலையில் கையை வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

கூடையை இறக்கிப் போட்டுவிட்டு ஆயாவின் இடுப்பிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்ட பெண்ணிடம் போனேன். பெயர் சரோஜா. முப்பது வயதிருக்கும். கணவர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை, மாதம் ஒரு தடவை வருவார். குழந்தை நிதுஷாவுக்கு இரண்டு வயது. ஏன் எல்லோரும் ஓடி வந்தீர்கள் என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"சங்கு ஊதுனா ஆளு வேணும்னு அர்த்தம் மிஸ். லயத்துல தீப்புடிச்சாலும் அதுதான், மண்ணு சரிஞ்சாலும் அதுதான். எங்கப்பா மண்ணுக்குள்ள கெடந்தப்ப இந்தச் சத்தத்துக்கு ஓடி வந்தவங்கதான் தோண்டி எடுத்தாங்க. ஊதுறப்ப மறுபக்கம் ஓடுனா நாங்க மனுசங்களா?"

இந்த மலையில் ஆபத்து என்றால் அதை நோக்கி ஓடுவதுதான் வழக்கம். அப்படி ஓடித்தான் இத்தனை காலம் ஒருவரை ஒருவர் உயிரோடு வைத்திருக்கிறார்கள். மூச்சை அடைத்துக் கொல்லுகிற வாயுவுக்கு மட்டும் அந்த வழக்கம் உதவாது. கேதீஸ்வரன் எழுந்து வந்து அவளிடம் விளங்கப்படுத்தினார். அவருடைய யாழ்ப்பாணத் தமிழ் பாதி அவளுக்குப் பிடிபடவில்லை, நான் மறுபடி சொன்னேன். வாயு கீழே இறங்கும், சங்கு கேட்டால் இங்கே வராமல் பக்கத்து மேட்டில் கோவிலடிக்கு ஏறவேண்டும் என்று. அவள் குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கடைசியில் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். காஸ் கசிவுக்கு வேறு ஒரு சத்தம் வைக்கவேண்டும், இந்தப் பழைய சங்கு வேண்டாம். அது அடித்தால் ஆயா பிள்ளைகளைக் கோவிலடிக்குத் தூக்கிக்கொண்டு போகட்டும் என்று தோட்டத்தில் ஒரு வார்த்தை சொல்லி வைக்கவேண்டும். நான் ரோஹணவிடம் அப்படியே சொன்னேன். கேதீஸ்வரன் இரண்டு தரம் ஓம், ஓம் என்றார்.

பகல் சாப்பாடு கையுறைத் தொழிற்சாலை முகாமையாளரின் பங்களாவில். கோழிக் கறி நன்றாக இருந்தது. புதுச் சத்தம் என்றால் புது உபகரணம் வேண்டும், குழுவின் எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் ஒரே மாதிரிச் சத்தம்தான் என்று ஒரு ஒழுங்கு இருக்கிறது, அதை மாற்றக் கூட்டம் போடவேண்டும் என்றார்கள். தோட்டத்து நிர்வாகம் வேறு, நம்முடைய நிர்வாகம் வேறு என்றார்கள். அடுத்த மாதம் இந்த முகாமையாளர்தான் ரோஹணவின் தொழிற்சாலைக்குக் குறை பார்க்கப் போகிறார். இருவரும் ஒருவர் தட்டில் ஒருவர் கறி போட்டுக்கொண்டார்கள். பிறகு ரோஹணவுக்கு ஒரு யோசனை வந்தது. அந்தச் சனத்துக்குச் சங்கு கேட்பதால்தானே வருகிறார்கள், கேட்காவிட்டால் வரமாட்டார்களே என்றார். மேசையில் எல்லோருக்கும் அது பிடித்துப்போனது. செலவில்லை, இன்றைக்கே முடிக்கலாம்.

"இது சரிவராது," என்றார் கேதீஸ்வரன். "உண்மையா கசிஞ்சாலும் அவையளுக்குத் தெரியாமலே போயிடும்."

அதைக் குறிப்பில் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள்.

இரண்டு மணிக்கு ஒரு மெக்கானிக் ஏணி வைத்து ஏறி, சங்கின் வாயைப் பள்ளத்துப் பக்கமிருந்து மலைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். சுற்றித் தகரமும் அடித்தார். மறுபடி ஊதிப் பார்த்தார்கள். கட்டடத்துக்குள் கேட்டது. கீழேயிருந்து ஒரு ஆளும் வரவில்லை. ரோஹணவுக்கு உண்மையிலேயே சந்தோஷம், ஒரு ஆபத்தை நீக்கிவிட்டோம் என்று என் தோளில் தட்டினார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சண்டை பிடிக்கச் சுலபமாக இருந்திருக்கும்.

லயத்துக்குப் போய்ச் சொல்லுங்கள் என்றார்கள். ரோஹணவும் கூட வந்தார். சரோஜா கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்து, பிள்ளைக்காம்பரா வாசலில் நிதுஷாவுக்கு பிஸ்கட் நனைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இனிமேல் ஒத்திகைக்குச் சங்கு உங்களுக்குக் கேட்காது, நீங்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வரத் தேவையில்லை என்று சொன்னேன்.

"அப்ப நெசமா காஸ் வந்தா?"

ரோஹணவைக் கேட்டேன். காவலாளி வந்து சொல்வார் என்றார். காவலாளி எந்த வழியாக இறங்குவார் என்று நானே கேட்டேன், என்னையும் அறியாமல் குரல் உயர்ந்துவிட்டது. இருப்பது ஒரே படிக்கட்டு, ஓடைப் பக்கமாக, வாயு இறங்குகிற அதே பள்ளத்தில். அதெல்லாம் அறிக்கையில் வரும் என்று அவர் கடிகாரத்தைப் பார்த்தார். புகையிரதத்துக்கு நேரமாகிறது என்றார்.

"நான் மலையில நிக்கிறப்ப பிள்ளைய யாரு மிஸ் தூக்குவாங்க?" என்று சரோஜா கேட்டாள். அதை நான் மொழிபெயர்த்தேன். ரோஹண படிக்கட்டில் ஏறத் தொடங்கியிருந்தார். அவள் என் தொலைபேசி எண்ணைக் கேட்டாள். நீங்கள் அவர்களோடு பேசுகிற ஆள்தானே என்றாள். கொடுத்தேன். வேறு என்ன கொடுக்க என்னிடம் இருந்தது?

நாலரை மணிக்குக் கண்டிக்கு வந்து சேர்ந்தோம். மழை பிடித்துக்கொண்டது. மேடையில் கேதீஸ்வரன் எனக்கு ஒரு தேநீர் வாங்கித் தந்தார். இந்தக் குழுவை விட்டுவிடப் போகிறேன் என்றார். விட்டால் அங்கே ஓம் சொல்லவும் ஆள் இருக்காதே என்றேன். அவர் கோப்பையைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார். கொழும்பு வண்டியில் இருவரும் வெவ்வேறு பெட்டியில் ஏறினோம்.

இரண்டு வாரம் கழித்து சரோஜா அழைத்தாள். பிள்ளையைப் பார்க்க இறங்கி வந்தேன், குளோரின் மாதிரி ஏதோ மணம் வருகிறது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோவிலடிக்குப் போகவா என்று கேட்டாள். போ என்றேன். போனாள். பிறகு பார்த்தால், யாரோ பிள்ளைக்காம்பராவின் தரையைக் குளோரின் மருந்து ஊற்றிக் கழுவியிருக்கிறார்கள். பாதியில் மலையை விட்டு வந்ததால் அன்றைக்கு அவளுக்கு அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான். நான் குழுவின் காரியாலயத்துக்கு அழைத்தேன். குறித்துக்கொள்கிறோம் என்றார்கள்.

மறுபடி ஒரு நாள் அழைத்தாள். நான் வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். என் வீட்டைச் சுற்றி ஏதாவது மணம் வந்தால் கடைக்காரர் முதல் ஓட்டோக்காரர் வரை பத்துப் பேர் கத்துவார்கள். அந்த மலையில் கத்தத் தெரிந்த ஒரே சங்கைத்தான் நாங்கள் திருப்பி வைத்துவிட்டு வந்தோம்.

"மிஸ், லேசா வாசம் அடிக்குது. மூக்கு எரியிற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. இன்னொரு அரைப்பேர் விழுந்தா கங்காணி பேர வெட்டிருவாரு. என்ன செய்ய?"

அங்கே காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று எனக்குத் தெரியாது. போ என்றேன். மீன்காரர் மிச்சக் காசை நீட்டிக்கொண்டு நின்றார். சரி மிஸ், பாப்போம் என்று வைத்துவிட்டாள். மாலையில் நானே அழைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை, நான் போகவுமில்லை என்றாள்.

அதற்குப் பிறகு அவள் அழைப்பதில்லை. அங்கே மணம் வராமல் இருந்திருக்காது. எந்த மணத்துக்கும் போ என்று மட்டும் சொல்லத் தெரிந்த என்னைக் கேட்டு அவளுக்கு இனிப் பிரயோசனமில்லை.