மூன்றாம் பாகத்து மந்திரம்

செஞ்சியில் மாயாஜாலக் கதை படிக்கிற யாரும் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் சீதளநாதனிடம் வந்து நின்றாக வேண்டும். திண்டிவனம் ரோட்டில், பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, சைக்கிள் வாடகைக் கடைக்கும் சலூனுக்கும் நடுவில் ஓர் அறை. ஓர் ஆள் படுத்தால் கால் வெளியே நீட்டிக்கொள்ளும். அதுதான் அவருடைய வாடகை நூல் நிலையம். துப்பறியும் கதை கேட்பவருக்கும் குடும்பக் கதை கேட்பவருக்கும் உட்கார்ந்த இடத்திலிருந்தே எடுத்துக் கொடுப்பார். பல பாகமாக ஓடுகிற ராஜா ராணி மந்திரவாதிக் கதை கேட்டு ஒருவர் வந்துவிட்டால் மட்டும் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்.

"உங்களுக்குச் சண்டை வேணுமா, மாயம் வேணுமா?" இது முதல் கேள்வி. "கதைக்கு அழுவீங்களா?" இது இரண்டாவது. "நடுவுல உட்டுட்டுப் போற ஆளா?" இது மூன்றாவது. அழமாட்டேன் என்பவருக்கு 'நாகத்தீவு', ஆறு பாகம். அழுவேன் என்பவருக்கு 'கண்ணாடி மலை', நாலே பாகம், ஆனால் நாலாவதில் தலையணை நனையும். எத்தனை பாகமானாலும் விடமாட்டேன் என்கிறவருக்குத்தான் 'ஏழு கோட்டை ராணி', முழுதாக ஒன்பது பாகம். எல்லாம் வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகள். பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்து, சணல் நூலால் தைத்து, பழைய காலண்டர் அட்டை ஒட்டி, அவரே பைண்டு செய்தவை.

மேல்சித்தாமூரில் பிறந்த சமணர். இருக்கிற நிலத்தை அண்ணன் பார்த்துக்கொண்டார். இவர் பள்ளி இறுதி முடித்துவிட்டு இந்த அறைக்கு வந்து உட்கார்ந்தவர்தான். சமணர்களை அழைக்கிற வழக்கப்படி ஊர் அவரை நயினார் என்றே கூப்பிட்டது. "மூளையைக் கெடுக்கிற குப்பை" என்று படித்த பெரியவர்கள் அவர் அலமாரியைப் பார்த்து முகம் சுளித்தார்கள். அதே பெரியவர்கள் ராகுகாலம் பார்க்காமல் வீட்டைவிட்டுக் காலெடுத்து வைக்கமாட்டார்கள். இது கதை என்று அட்டையிலேயே ஒப்புக்கொள்கிற பொய்யால் எந்தக் குடியும் கெட்டதில்லை. சூடம் அணைத்துச் சத்தியம் செய்து விற்கிற பொய் வேறு சரக்கு. சீதளநாதனுக்கு அந்த வித்தியாசம் தெரியும். பேய் கிடையாது என்று தெரிந்தவனுக்குத்தான் பேய்க்கதை ருசிக்கும் என்பார்.

அவருடைய வாசகர்களில் முதல் ஆள் மீனம்பாள். இருபத்துநாலு வயது, எட்டாவது வரை படித்தவள். மல்லாட்டை மண்டியில் நிலக்கடலைத் தொலி உரிக்கிற கூலி வேலை. அங்கே பதினைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்து உரிப்பார்கள். மீனம்பாள் மட்டும் உரிக்காமல் சத்தமாகக் கதை படிப்பாள். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கை பயறு அவளுடைய முறத்தில் போட்டுவிடுவார்கள். சாயங்காலம் அளந்து பார்த்தால் அவள் பங்கும் மற்றவர்களுக்குச் சமமாக இருக்கும். மண்டிக்காரருக்கும் இது தெரியும். கதை ஓடுகிற நாளில் கை வேகமாக ஓடுகிறது என்று பேசாமல் இருந்துவிட்டார்.

"இன்னா நயினாரே, அஞ்சாம் பாகத்துல ராணியக் கொன்னுட்டீங்க? இன்னும் நாலு பாகம் யார வச்சு ஓட்றது?"

"ஆறாவது படிச்சுப் பாரும்மா."

"செத்தவள மறுபடி எழுப்பிக் கொணாந்தீங்க, புஸ்தகம் திரும்பி வராது. அடுப்புலதான் போவும்."

"நான் எழுதலம்மா. வாடகைக்குத்தான் உடறேன்."

"அப்ப எழுதினவன் அட்ரஸ் குடுங்க."

அதற்குப் பிறகு அவள் ஒன்பது பாகத்தையும் இரண்டு முறை முடித்துவிட்டாள். அடுத்து என்ன படிக்கலாம் என்று இவர் அவளுக்குச் சொன்னது போக, எந்தக் கதையை யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று அவள் இவருக்குச் சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

அறுபத்தாறாம் வருஷம், சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு காலையில், மண்டியில் அவளோடு வேலை செய்கிற செல்லம்மாள் 'கண்ணாடி மலை' இரண்டாம் பாகத்தைக் கொண்டுவந்து பெஞ்சியில் வைத்தாள்.

"மீனம்பா அனுப்பலீங்க. நானா எடுத்தாந்தேன். கொளுத்தறேன்னு அவ மாமியா நின்னுது."

"ஏன், இன்னா ஆச்சு?"

செல்லம்மாள் அழுதுகொண்டே சொன்னாள். மூன்று நாளைக்கு முன்னால் மீனம்பாளுக்கு வலிப்பு வந்திருக்கிறது. முதல் தடவை அல்ல. கல்யாணத்துக்கு முன்னாலும் இரண்டு தடவை வந்து, தாய்வீடு அதை மறைத்திருந்தது. இந்தத் தடவை நிற்கவில்லை. விட்டு விட்டு வந்துகொண்டே இருக்கிறது. மந்திரவாதிக் கதை படித்துப் படித்துக் காத்து புடிச்சுட்டது என்று மாமியார் ரத்தினம்மாள் பூசாரி ராஜாங்கத்தை அழைத்து வந்துவிட்டாள். மூன்று நாளாகச் சோறு கிடையாது, தண்ணீர் கிடையாது. தூணில் கட்டி வேப்பங்குழையால் அடி. மிளகாய்ப் புகை.

"நாக்கு கடிபட்டு வீங்கிக் கெடக்குதுங்க. இன்னிக்குத் தாண்டாது."

சீதளநாதன் கடையைச் சாத்தவில்லை. செருப்புகூடப் போடவில்லை.

ஏரிக்கரைத் தெருவில் அந்த வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமம் இருக்கவில்லை. ஊரில் பாதி அங்கேதான் நின்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். முற்றத்துத் தூணில் மீனம்பாள். தலை மார்பில் விழுந்திருந்தது. உதடு வெடித்து, வாயோரம் ரத்தம் காய்ந்திருந்தது. அவளுடைய புருஷன் பச்சமுத்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முரடன் அல்ல. மாட்டுக்குச் சுளுக்கு விழுந்தால்கூட உடனே வைத்தியர் வீட்டுக்கு ஓட்டிப்போகிறவன். பெண்டாட்டி விஷயத்தில் அந்த யோசனை அவனுக்கு வரவில்லை.

பூசாரி ராஜாங்கம் உடுக்கையை ஓங்கித் தட்டிக்கொண்டு உரக்கச் சொன்னான்.

"கடல் கட்டு, கரை கட்டு, காலடி மண் எடுத்துக் கட்டு! எட்டு மலை எகிறிக் கட்டு, எலும்புக்குள்ள இறங்கிக் கட்டு!"

சீதளநாதனுக்கு அந்த வரிகள் தெரியும். 'ஏழு கோட்டை ராணி', மூன்றாம் பாகம், பதினான்காம் அத்தியாயம். கரிமுகன் என்கிற மந்திரவாதி இளவரசனைக் கல்லாக்குகிற இடம். போன ஐப்பசியில் இதே ராஜாங்கம் கடைக்கு வந்து, "மந்திரம் ஜாஸ்தியா வர்ற கதையா குடு நயினாரே" என்று கேட்டபோது, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்து, தேர்ந்தெடுத்துத் தம் கையாலேயே கொடுத்த புத்தகம். அதில் குணமாக்குகிற மந்திரம் ஒன்றுகூடக் கிடையாது. இந்த மடையன் ஆளைக் கல்லாக்குகிற மந்திரத்தைச் சொல்லி நோயாளியை எழுப்பிக்கொண்டிருந்தான்.

"நிறுத்துடா!" என்று கத்தினார். வாழ்க்கையில் அவர் யாரையும் டா போட்டதில்லை. "அது மந்திரமே இல்ல. கதைப் புஸ்தகம். என் கடையில வாடகைக்கு எடுத்த புஸ்தகம்!"

ராஜாங்கத்தின் கை உடுக்கையில் நின்றது. கூட்டம் சலசலத்தது.

"பொய்யா சொல்றேன்? அடுத்த அடி நான் சொல்றேன், கேளுங்க. காத்தக் கட்டு, கனலக் கட்டு, கண்ணுக்குள்ள வெளிச்சம் கட்டு! நின்ன இடத்துல நெடுங்கல்லா நில்லுன்னு கட்டு!" முழுவதையும் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்து முடித்தார். மூச்சு வாங்கியது. இனி இந்தக் கூத்து முடிந்தது என்று நினைத்தார். மூளையுள்ள எவரும் அப்படித்தான் நினைப்பார்.

முன்வரிசையில் நின்றவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள். ஒரு பெண் தன் பிள்ளையின் முகத்தை மூடினாள்.

ரத்தினம்மாள்தான் முதலில் பேசினாள். "அடப்பாவி. நீதானா?"

"இன்னாம்மா?"

"பூசாரிக்குத் தெரியாத மிச்சமும் உனக்குத் தெரியுதே. எம் மருமவளுக்குக் கட்டு போட்டவன் நீதானா?"

ராஜாங்கம் ஒரு நொடி சீதளநாதனைப் பார்த்தான். அந்தப் பார்வையில் பயமும் இருந்தது, கொஞ்சம் வெட்கமும் இருந்தது. பிறகு இரண்டையும் துடைத்துவிட்டு உடுக்கையை ஒரு தட்டுத் தட்டினான். "நான் மொத நாளே சொல்லல? எதிராளி படிச்சவன்னு சொன்னனா இல்லியா?"

பச்சமுத்து எழுந்து அவர் சட்டையைப் பிடித்தான். "எடு நயினாரே. போட்ட கட்ட எடு. உன் கால்ல உழறேன், எடு." அடிப்பதா கும்பிடுவதா என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை.

அப்போது மீனம்பாளுக்கு அடுத்த வலிப்பு வந்தது. கட்டியிருந்த கயிறு தூணோடு தேய்ந்து முறுகியது. கண் வெள்ளை தெரிந்தது.

சீதளநாதன் புரிந்துகொண்டார். இந்தக் கூட்டத்துக்கு நோயைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் அவள் உயிர் போய்விடும். அது கதை என்று நூறு தடவை சொன்னாலும் எடுபடாது. அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒரே வித்தை, கேட்கிற ஆளுக்கு ஏற்ற கதையை எடுத்துக் கொடுப்பது. முதல் தடவையாக அதை அருவருத்துக்கொண்டு செய்தார்.

"ஆமா. நான்தான் போட்டேன்" என்றார்.

யாரோ வீறிட்டார்கள்.

"போட்டவன்தான் எடுக்கணும். மேற்க போட்ட கட்டு கிழக்கதான் அவுரும். அவளக் கயித்துலருந்து எறக்குங்க, இப்பவே. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள பதினேழு கல் தாண்டி, சுவர் பூரா வெள்ளை அடிச்ச வீட்டுக்குள்ள, வெள்ளைச் சேலை கட்டின பொம்பள கையால ஊசி எறங்கணும். இல்லேன்னா கட்டு இந்த வீட்டு ஆம்பளைங்க மேல திரும்பும்."

"சேவல் அறுக்கணுமே" என்றான் ராஜாங்கம்.

சீதளநாதன் பிறந்து ஓர் எறும்பைத் தெரிந்து மிதித்ததில்லை. "சேவலை நீயே எடுத்துக்கிட்டு எந்திரிச்சுப் போ" என்றார். ராஜாங்கம் எடுத்துக்கொண்டு போனான்.

பஸ்ஸில் கண்டக்டர் ஏற்றமாட்டேன் என்றார். "வலிப்புக் கேசு, வழியில செத்துட்டா நான் ஸ்டேஷன்ல உட்காரணும்." பச்சமுத்து அவர் காதில் ஏதோ சொன்னான். கண்டக்டர் சீதளநாதனை ஏறிட்டுப் பார்த்துவிட்டுப் பின் சீட்டு முழுவதையும் காலி செய்து கொடுத்தார். டிக்கெட்கூடக் கேட்கவில்லை. வழியெல்லாம் சீதளநாதன் அவளுடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு எச்சில் வழிய விட்டுத் துடைத்தபடி வந்தார். எதிரே இருந்தவர்கள் இவர் கண்ணைப் பார்க்காமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

திண்டிவனத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். சீதளநாதன் இருட்டிய பிறகு சாப்பிடாதவர். அன்று பகலிலும் சாப்பிடவில்லை. நான்காம் நாள் காலையில் மீனம்பாள் கண் திறந்து தண்ணீர் கேட்டாள்.

டாக்டரம்மா பச்சமுத்துவையும் அவன் தாயையும் வராந்தாவில் நிறுத்திச் சொன்னார். "இது நரம்பு சம்பந்தப்பட்ட நோய். தினம் காலையில ஒரு மாத்திரை. ஒருநாள்கூட விடக்கூடாது. விட்டா மறுபடி இதே கதிதான். பொழைக்கிறது கஷ்டம்."

அவர் போனதும் சீதளநாதன் அந்த இருவர் முன்னால் கைகூப்பினார். நான்கு நாளாகத் தொண்டையில் முள்ளாக நின்றதைச் சொன்னார். "கட்டும் இல்ல, மந்திரமும் இல்ல. அன்னிக்கு வேற வழி தெரியாமப் பொய் சொன்னேன். டாக்டரம்மா சொன்னதுதான் நெசம். இது காக்கா வலிப்பு. மாத்திரையில அடங்கும்."

ரத்தினம்மாள் மகனைப் பார்த்தாள். "வலிப்புக்காரின்னா இன்னாத்துக்கு நம்ம வீட்டுல? அவ ஆத்தா வீட்டுல உட்டுட்டு வந்துரு. அவனுங்கதான மறைச்சுக் கட்டிக் குடுத்தானுங்க."

பச்சமுத்து தலையைத் தொங்கப் போட்டான். மாட்டேன் என்று சொல்லவில்லை.

கட்டுப் போடப்பட்டவள் என்றால் அவள் பாதிக்கப்பட்டவள். அவளுக்கு அந்த வீட்டில் பாயும் சோறும் உண்டு. நோயாளி என்றால் ஏமாற்றியவள். இதுதான் நம்முடைய தர்மம். இதற்குத்தான் கோயில் கட்டி, குளம் வெட்டி, ஆயிரம் வருஷமாகப் பெருமை பேசுகிறோம். அவளைப் பெற்ற இடத்தில் ஒரு குடிகார அண்ணனும் ஒழுகுகிற கூரையும்தான் இருந்தன. அங்கே தினமும் மாத்திரை வாங்கிக் கொடுக்க ஓர் ஆள் கிடையாது.

"நெசத்தச் சொல்லு நயினாரே" என்றாள் ரத்தினம்மாள். "கட்டா, நோயா?"

கேள்வி கதவோரத்துக் கட்டிலில் கிடந்தவளுக்கும் கேட்டது. மீனம்பாள் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். உதடு மெதுவாக அசைந்தது. என்ன சொன்னாள் என்று அவருக்குப் புரியாமல் இல்லை.

"கட்டுதான்" என்றார் சீதளநாதன்.

"அப்ப அந்த மாத்திரைய நீ மந்திரிச்சுக் குடு. தெனம் வந்து குடு. இல்லேன்னா எங்க கையால குடுக்கமாட்டோம்."

ஒரே வாரத்தில் ஊர் முழுக்க அவருடைய புத்தகங்களைத் திருப்பிக் கொண்டுவந்தது. கையில் கொடுக்கப் பயந்து வாசற்படியில் வைத்துவிட்டு ஓடினார்கள். மாதக் கடைசியில் அறையின் சொந்தக்காரர் சாவியைக் கேட்டார். ஒன்பது பாகமும் ஆறு பாகமும் நாலு பாகமும் கோணியில் ஏறி மேல்சித்தாமூர் வீட்டுப் பரணுக்குப் போயின. சாயங்காலங்களில் யார் யாரோ அவரைத் தேடி வந்தார்கள். மாமனார் சாக ஒரு தகடு, பங்காளியின் கிணறு வற்ற ஒரு தகடு. துரத்தித் துரத்தி அனுப்பினார். தனியாகக் கிடந்த நேரத்தில் அவருக்குத் தன் குரலே பிடிக்காமல் போயிற்று.

ஆனால் காலையில் மட்டும் ஏரிக்கரைத் தெருவுக்கு அவர் போகாமல் இருந்ததில்லை. மேல்சித்தாமூரிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து, மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, யாருக்கும் கேட்காதபடி உதட்டை அசைப்பார். வெட்கத்தில் சத்தம் வெளியே வராது.

ஒரு நாள் ரத்தினம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னிக்கு ஒண்ணும் சொன்னாப்பல தெரியலியே" என்று முணுமுணுத்தாள்.

மீனம்பாள் மாத்திரைக்குக் கையை நீட்டவில்லை. அவரை நிமிர்ந்து பார்த்து மெல்லச் சொன்னாள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க நயினாரே. அத்தைக்குக் கேக்கல."

சீதளநாதன் கண்ணை மூடிக்கொண்டார். தொண்டையைச் செருமினார். குரலை உயர்த்தினார்.