காற்றுக் காலத்தில் திறந்த ஜாலிச் சுவர்

சிமென்ட் சுவர் ஒன்றுக்கு முத்தம் கொடுத்து, அதைப் படமெடுத்து, சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டவன் நான். வயது ஐம்பத்திரண்டு. குடிப்பழக்கம் கிடையாது.

பாலக்காட்டுப் பக்கம் வடகரப்பதியில் அறுபதுகளில் அப்பா கட்டிய வீட்டின் சுவர் அது. தட்டையான கான்கிரீட் கூரை, மெலிந்த இரும்புக் குழாய்கள் தாங்கும் முகப்பு, தரையில் மொசைக். சாப்பாட்டுக் கூடத்தின் மேற்குப் பக்கம், பூப்போட்ட ஓட்டைகளுள்ள சிமென்ட் கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஜாலிச் சுவர். எந்தக் காலத்திலோ அப்பா அதை உட்பக்கமாகச் செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருந்தார். அப்பாவுக்கு நிலக்கடலை தெரியும், கலை தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் பழைய வீட்டைப் புதுப்பிப்பது என்றால் அதைக் கொன்றுவிட்டுப் பவுடர் பூசுவது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வீட்டு முன்னால் ரோமாபுரித் தூண்களை நிறுத்தியிருக்கிறார். அவை தாங்குவது தகர ஷீட்டை. இன்னொருவர் கூடத்தில் ஜிப்சம் கூரை அடித்து, நீல விளக்குகள் பதித்து, பெண் பார்க்க வருகிறவர்களைச் சலூனில் முடிவெட்டக் காத்திருப்பவர்களைப்போல் உட்கார வைக்கிறார். தட்டைக் கூரைக்கு மேல் ஓட்டு நிறத்தில் தகரம் போட்டே ஆகவேண்டும் என்றார் என் இன்ஜினியர். அன்றோடு அவரை நிறுத்திவிட்டேன். கட்டடக்கலை பற்றிய தடித்த புத்தகங்கள் என்னிடம் நிறைய உண்டு, படங்களையாவது பார்த்திருக்கிறேன். வீட்டின் ஆன்மா அந்த ஜாலியில்தான் இருக்கிறது என்று தீர்மானித்து, அடைத்திருந்த செங்கலை உடைக்கச் சொன்னேன். முத்தம் கொடுத்தது அன்றைக்குத்தான்.

அந்த வீட்டில் நான் தனியாக இருப்பேனா, மனைவியோடு இருப்பேனா என்பது மட்டும் முடிவாகவில்லை. கோயமுத்தூர் அடுக்ககத்தை விட்டு வர அவளுக்கு மனமில்லை. பால் காய்ச்சுகிற அன்று வீட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருந்தாள். ஆடி பிறந்துவிட்டால் குடிபோக முடியாதே என்று ஆனியிலேயே முகூர்த்தம் குறித்தோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பிறந்து வளர்ந்த ஒருவன், ஆனியில் மேற்கே இருந்து என்ன வரும் என்பதை மறப்பது சாதாரண மடமையல்ல. அதற்கு நிறையப் படித்திருக்க வேண்டும்.

அடுப்பை ஜாலிக்கு எதிரே வைக்கச் சொன்னதும் நான்தான். படத்தில் நன்றாக விழுமாம். பற்றவைத்ததும் அணைந்தது. திரும்பப் பற்றவைத்தார்கள், திரும்ப அணைந்தது. ஒவ்வொரு பூவிலும் வாய்வைத்து யாரோ ஊதுவதுபோல் இருந்தது. புழுதியும் சருகும் பாலில் விழுந்தன. சொந்தங்கள் வட்டமாக நின்று மறைத்தார்கள். ஒரு மாமா துண்டை விரித்துப் பிடித்து, அதன் முனையைக் கருக்கிக்கொண்டார். பால் பொங்கவில்லை. ஏடு கட்டியது, அதுவும் செம்மண் நிறத்தில். நல்ல நேரம் முடியப்போகிறது என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்; நான் சுவரைப் பார்த்தேன். கடைசியில் பெரியப்பா மகன் ஓடிப்போய், கோயில் நோன்பித் திருவிழாவுக்குக் கட்டியிருந்த ஃப்ளெக்ஸ் பேனரை அவிழ்த்து வந்து ஜாலிமேல் கட்டினான். பாலை மாற்றி வைத்தார்கள். அதில் கைகூப்பிச் சிரிக்கும் வார்டு மெம்பரின் முன்னிலையில் எங்கள் வீட்டுப் பால் பொங்கியது.

மனைவி எல்லோருக்கும் டம்ளரில் ஊற்றிக் கொடுத்து முடித்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"ஏனுங்க, அந்தச் செவுத்த அடைச்சீங்கன்னா நான் வந்தர்றனுங்க. இல்லீன்னா நீங்களும் மெம்பரும் இருந்துக்குங்க."

கண்ணாடி போடலாமே என்றேன். அதில் படிகிற புழுதியைத் தினமும் துடைப்பது யார் என்று கேட்டாள். என் புத்தகங்களில் வீட்டைத் துடைக்கிற யாருடைய படமும் இல்லை. ஆடி பிறப்பதற்குள், அப்பா அடைத்த அதே இடத்தில், அதே மாதிரி செங்கல் வைத்துப் பூசியாயிற்று. அவளும் வந்துவிட்டாள்.

அப்புறம் ஒருநாள் அத்தை, அப்பாவின் தங்கை, வீடு பார்க்க வந்தார். மூடிப்போன ஜாலியைப் பற்றி, அந்தக் காலத்து அழகுணர்ச்சியைப் பற்றி, வீட்டின் ஆன்மாவைப் பற்றி அவரிடம் நெடுநேரம் புலம்பினேன். அத்தை காப்பியை நிதானமாகக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"அது சொசைட்டி குடோன் கட்டறப்ப மிஞ்சுன கட்டை, கண்ணு. கோழி அடைக்கறதுக்கு ஆகும்னு எங்கண்ணன் வண்டில போட்டுக் கொண்டாந்துச்சு."