மடுத்தீன் வாய்க்குப் பூட்டுப் போட்ட கதை

பாரிசில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவின் வடக்கு முனையில், பொன்னம்பலத்தின் மரக்கறிக் கடையில் வேலை பார்த்த மடுத்தீனுக்கு ஆண்டவர் இரண்டு கைகளையும் ஒரு வாயையும் கொடுத்திருந்தார். கைகள் சம்பளத்துக்கு உழைத்தன. வாய் சம்பளமில்லாமல் உழைத்தது. பச்சை மிளகாய் வாங்க வந்தவர்கள் ஊரில், பேசாலையில் யாருக்குக் கலியாணம், யாருடைய வள்ளம் கவிழ்ந்தது என்பதையெல்லாம் சேர்த்து வாங்கிக்கொண்டு போனார்கள். மிளகாயை மறந்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

மனைவி ஞானமலர் மன்னாரில் இருந்தாள். அவளுடைய விசா எங்கோ ஒரு மேசையில் படுத்துக் கிடந்தது. மடுத்தீன் நேர்த்தி வைத்துப் பார்த்தார். சிகரெட்டை விட்டார், அவர் சிகரெட் குடிப்பதில்லை. பன்றி இறைச்சியை விட்டார். அது அவர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. விசா எழும்பவில்லை.

எண்பத்தாறாம் ஆண்டு கோடையில் போர்த்துக்கலிலுள்ள பாத்திமா மாதாவிடம் போக ஒரு வான் புறப்பட்டபோது, செபமாலை சொல்லிக் கொடுக்கும் மரியநாயகி அக்கா முகத்துக்கு நேரே சொன்னார்:

"தம்பி, மாதாவை ஏய்க்கேலாது. நோகிறதாப் பாத்துக் குடும்."

மடுத்தீன் வெகு நேரம் யோசித்தார். கடைத்தெரு லா சப்பலில் வானில் ஏறியதிலிருந்து பாத்திமாவில் இறங்கும்வரை ஒரு சொல் பேசுவதில்லை. பேசினால் விசாவும் இல்லை என்று மாதாவோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்.

வானை ஓட்டியவர் அதே கடையில் வேலை செய்த வரதராசா. சைவக்காரர். கடல் பார்க்க வந்தவர். ஓர்லயான் நகரம் தாண்டியும் மடுத்தீன் வாய் திறக்காததைக் கண்டு, "நல்ல நேர்த்தி அண்ணை. வருசம் முழுக்க நீட்டேலாதோ?" என்று கேட்டார். பின்னால் எல்லாரும் நிம்மதியாக நித்திரை கொண்டார்கள். வரதராசா இரண்டு இடத்தில் பிழையான றோட்டைப் பிடித்தார். இரண்டையும் மடுத்தீன் முதலே கண்டிருந்தார். விழுங்கினார்.

காலையில் ஸ்பெயினுக்குள் நுழைந்ததும் பலகையில் சான் செபஸ்தியான் என்று கண்டார்கள். மன்னார்ச் சனம் செபஸ்தியார் பேரிலுள்ள ஊரை நிற்காமல் கடப்பது நடக்கிற காரியமில்லை. துறைமுகத்தடியில் வானை விட்டுவிட்டுப் பழைய நகரின் ஒடுங்கிய தெருக்களுக்குள் நடந்தார்கள். கோயில் முகப்பில் அம்பு பாய்ந்த செபஸ்தியார் நின்றார். மெழுகுதிரி கொளுத்தினார்கள். கடலைப் பார்த்தபடி பாணும் சம்பலும் சாப்பிட்டார்கள்.

சம்பல் மடுத்தீனின் வயிற்றைக் கலக்கியது. ஒரு தெருவோரக் குடிக்கடைக்குள் நுழைந்து சைகை காட்டினார். ஒரு சொல்லில் முடிகிற காரியம். முதல் சைகைக்கு ஒரு தட்டு நெத்தலி வந்தது. அடுத்ததற்கு வைன் வந்தது. முகம் கறுத்த பிறகுதான் கக்கூஸ் கதவைக் காட்டினார்கள்.

அந்த நேரம் வரதராசா வானில் ஏறியிருந்து, திரும்பிப் பாராமல் கேட்டார்: "எல்லாரும் ஏறியாச்சோ?"

"ஓம், ஓம்!"

மடுத்தீனின் ஓம் மட்டும் வரவில்லை. வரக்கூடாத ஓம் ஆனபடியால் யாரும் அதைத் தேடவில்லை.

அவர் தெருவால் வெளியே வந்தபோது வான் புறப்பட்டுக்கொண்டிருந்தது. ஒரு சத்தம் போதும். கடை வாசலில் நின்று, பக்கத்துத் தெரு ரூ பெர்தொனேயில் போகிறவனைத் திரும்பிப் பார்க்க வைத்த குரல் அது. வாயைத் திறந்தார். வாய்க்குள் ஞானமலரின் விசா இருந்தது. மூடிக்கொண்டு, இரண்டு கையையும் ஆட்டியபடி ஓடினார். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு மீனவர் மரியாதையாகத் திரும்பக் கை ஆட்டினார். வான் வளைவில் மறைந்தது.

மடுத்தீன் போய்க் கோயில் படியில் இருந்தார். பக்கத்தில் ஒரு கிழவர் வந்து இருந்து ஏதோ கேட்டார். மடுத்தீன் தலையாட்டினார். அது போதுமாயிருந்தது. கிழவர் தன் பிறப்பிலிருந்து சொல்லத் தொடங்கினார்; நடுவில் அழுதார், பிறகு சிரித்தார். மடுத்தீன் கடைசிவரை கேட்டார். விளங்கிய பாஷையில் கூட அவர் யாரையும் இவ்வளவு நேரம் பேச விட்டதில்லை.

வழியில் புர்கோஸ் நகருக்குக் கிட்ட மதியம் வானை நிறுத்தியபோது ஒரு புட்டுப் பார்சல் மிஞ்சியது. அந்தக் கூட்டத்தில் அப்படி ஒன்று நடந்ததேயில்லை. "ஐயோ, மடுத்தீன்!" என்று மரியநாயகி அக்கா நெஞ்சில் அடித்தார்.

பின்னேரம் திரும்பி வந்தபோது அவர் அதே படியில் இருந்தார்.

"உமக்கு வாயில்லையோ?" என்று அக்கா அழுதுகொண்டே ஏசினார்.

"ஒரு சத்தம் போட்டிருக்கலாமே அண்ணை!" என்றார் வரதராசா.

மடுத்தீன் மேலே நின்ற செபஸ்தியாரைக் காட்டினார். அத்தனை அம்புக்கும் அவர் சத்தம் போடவில்லை. பிறகு புட்டுப் பார்சலைக் கேட்டுக் கை நீட்டினார்.

அதன் பிறகு வரதராசா ஒவ்வொரு தரிப்பிலும் நடுங்கினார். "எல்லாரும் ஏறியாச்சோ?" என்று கேட்டால் எல்லாரும் ஓம் என்பார்கள், மடுத்தீன் வானின் கூரையில் இரண்டு தட்டுத் தட்டுவார். அது கேட்காமல் வான் அசையாது.

பாத்திமாவில் இறங்கினார். முழங்காலில் நின்று கும்பிட்டார். எழும்பி, "வரதராசா, ஓர்லயானிலை நீர் பிடிச்ச றோட்டுப் பிழை," என்று தொடங்கினார். பாரிசுக்குத் திரும்பியும் அது முடியவில்லை.

அடுத்த வருடம் ஞானமலர் வந்தாள். கடையின் மரக்கறி வானில்தான் மடுத்தீனும் வரதராசாவும் விமானநிலையத்துக்குப் போனார்கள். கதவால் வெளியே வந்தவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"மெலிஞ்சு போனியள். என்னப்பா, கதைக்க மாட்டியளோ?"

மடுத்தீன் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

"அண்ணை, நேர்த்தி எப்பவோ முடிஞ்சுது," என்றார் வரதராசா.

அப்போதும் வரவில்லை. வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் ஏறி இருந்தார்கள். வரதராசா பழக்கதோஷத்தில் கேட்டார்: "எல்லாரும் ஏறியாச்சோ?"

"ஓம்," என்றாள் ஞானமலர்.

மடுத்தீன் கூரையில் இரண்டு தட்டுத் தட்டினார். வான் புறப்பட்டது.