பின்கழுத்து எவ்வளவு இறக்கம்?

இன்று மர்பி டவுன் டெய்லர் கடையில் தங்கை கல்யாணத்துக்கான பிளவுஸுக்கு அளவு கொடுத்தேன்.

"பின்கழுத்து எவ்ளோ இறக்கம்கா?"

இந்தக் கேள்விக்காகத்தான் காலையில் தோல் டாக்டரைப் பார்த்தேன். பிரசவத்திலிருந்து முதுகெல்லாம் பரு. தோலைக் கறுப்பாக்கும் புற ஊதா விளக்குப் படுக்கை, அந்த டேனிங் பெட்டில் படுத்தால் காய்ந்துவிடும் என்று இன்ஸ்டாகிராமில் ஒருத்தி சொல்லியிருந்தாள்.

டாக்டரம்மா மறுப்பாகத் தலையாட்டினார். "அந்த லைட்ல பரு போகாதும்மா. தழும்பு கறுக்கும், கேன்சர்கூட வரலாம். பால் குடுக்குறீங்க, மாத்திரை வேணாம். க்ரீம் போடுங்க, மூணு மாசமாகும்."

கல்யாணம் மூன்று வாரத்தில்.

"க்ளோஸ் நெக்கே வைங்கண்ணா. அப்புறம் இறக்கிக்கலாம்ல?"

"எப்ப வேணா வெட்டி இறக்கலாம்கா. ஏத்தத்தான் முடியாது."

பாப்பா தூங்கியதும், பழைய பிளவுஸின் முதுகில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் அதிகமாகவே இறக்கிவிட்டேன்.

க்ளோஸ் நெக்குக்காரிகள் வேறு யாரெல்லாம் இருக்கிறீர்கள்?