இல்லாத மரத்தைச் சுற்றி

டோனல் ப்ரோஃபிக்குப் பொய் சொல்ல வராது என்று ஊரே சொல்லும். சொன்னால் காது மடல் இரண்டும் சிவந்துவிடும். அவர் மனைவி ஊனா அதைப் பார்த்தே பிடித்துவிடுவாள். காலமெல்லாம் ரொட்டி வண்டி ஓட்டிய மனிதர். அயர்லாந்தில் முல்லிங்கர் ஊருக்கு மேற்கே அவர் ரொட்டி போடாத வாசல் கிடையாது. நேற்றைய ரொட்டியை இன்றைய ரொட்டி என்று ஒருநாளும் கொடுத்ததில்லை. அப்படிப்பட்டவர் பொய் சொன்னது ஒரே ஒருவரிடம்தான். அந்த ஒருவரால் இவருடைய காது மடலைப் பார்க்க முடியாது.

லோர்கன் டன் மாட்டு டாக்டர். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதம். வியாழக்கிழமை காலையானால் பாலிகரன் கோல்ஃப் மைதானத்தில் இருப்பார்கள். மழை பெய்தாலும் சரி, பனி கொட்டினாலும் சரி. வியாழன்தோறும் லோர்கன் ஜெயிப்பார், டோனல் தோற்பார். அதில் ஒன்றும் ரகசியம் இல்லை. லோர்கன் குழியில் நட்ட கொடியைப் பார்த்து அடிப்பவர். டோனல் பள்ளத்தைப் பார்த்து ஒதுங்கி அடிப்பவர்.

"எங்க அடிக்கணும்னு எவன் வேணா சொல்வான்யா, மாட்டு டாக்டரே. எங்க அடிக்கக் கூடாதுன்னு தெரியணும். அதான் ஆட்டம்" என்பார் டோனல்.

"அதான் நீ ஒரு தப்பும் பண்ணாம தோக்கற, ரொட்டிக்காரா" என்பார் லோர்கன்.

பாலிகரன் ஒரு காலத்தில் யாரோ பிரபுவின் தோப்பாக இருந்த இடம். மரங்களுக்கு நடுவே நடுவே புல்லை வெட்டிப் பாதை போட்டிருந்தார்கள். அதில் பன்னிரண்டாவது குழிக்குப் போகிற பாதை பாதி தூரம் நேரே போய் இடது பக்கம் முழங்கை மாதிரி மடங்கும். அந்த மடக்கில் ஒரு கிழட்டு ஓக் மரம். பெயர் பிஷப். யாராக இருந்தாலும் குனிந்து, ஒதுங்கி, வலது பக்கமாகச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும் என்பதால் அந்தப் பெயர். கோல்ஃபில் குறைந்த அடியில் குழியில் போடுபவருக்கே ஜெயம்; சுற்றிப் போனால் ஒரு அடி வீண். தலைக்கு மேலே தூக்கி அடித்தால் அந்த அடி மிச்சம். ஆனால் கிளையில் பட்டால் பந்து நேராக ஓடைக்குள் போகும்.

இளவயதில் ஒரு வருஷம், கிளப் கோப்பையின் கடைசி ஆட்டத்தில் இவர்கள் இரண்டு பேருமே மோதினார்கள். பன்னிரண்டுக்கு வரும்போது டோனல்தான் முன்னால் இருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக முன்னால். அவர் வழக்கம்போல் வலது பக்கம் சுற்றினார். லோர்கன் கையைத் தேய்த்துக்கொண்டு வந்து பிஷப்பின் தலைக்கு மேலே ஒன்று வைத்தார். பந்து இலைகளை உரசிக்கொண்டு போய்க் கொடிக்குப் பக்கத்தில் இறங்கியது. கோப்பையும் அதோடு போயிற்று. டோனல்தான் முதலில் கைதட்டியவர்.

அறுபது தாண்டியதும் லோர்கனுக்குக் கண்ணில் அழுத்தம் வந்து, ஒன்று போய், பிறகு மற்றதும் போனது. மனைவி முன்பே காலமாகிவிட்டதால் குளிர்காலம் முழுக்கக் கால்வே நகரில் தங்கை வீட்டில் கிடந்தார். ஏப்ரலில் ஊர் திரும்பிய மறுநாளே டோனலைக் கூப்பிட்டார்.

"டேய், கண்ணில்லாதவங்க கூட ஆடறாங்களாம்டா. கூட ஒருத்தன் நின்னு வழி சொல்லணும், மட்டையப் பந்துக்குப் பின்னால நேரா வெச்சுக் கொடுக்கணும். அவ்ளோதான். நீதான் ஊரு பூரா பள்ளம் தெரிஞ்சவனாச்சே. வர்றியா?"

"வராம?" என்றார் டோனல்.

வியாழக்கிழமை விடியலில், வேறு யாரும் வருவதற்கு முன்னால் போனார்கள். டோனல் ஒவ்வொரு குழியாக எடுத்துச் சொன்னார். "முதல் குழி, இடது பக்கம் வாய்க்கால். வலது பக்கம் மேடு, அங்க விழுந்தா தானா உருண்டு நடுவுக்கு வரும். அதனால வலதுல அடி." "நாலாவது, ஓடைக்கு முன்னாலயே நிறுத்து. தாண்டப் பாக்காத." லோர்கன் பிள்ளை மாதிரி தலையாட்டி, சொன்ன இடத்தில் அடித்தார். பன்னிரண்டுக்கு வந்து நின்றதும் முகத்தைத் தூக்கினார். முகம் மலர்ந்திருந்தது.

"கெழவன் எப்படி இருக்கான்? பிஷப்பு?"

பிஷப் பிப்ரவரிப் புயலில் முறிந்து சாய்ந்துவிட்டது. அறுத்து எடுத்துப் போய், விறகாகவும் விற்றாகிவிட்டது. இடது பக்கத்தில் ஒரு அடிமரம்தான் மிச்சம். பாதை திறந்த கதவு மாதிரி கிடந்தது.

கண் போய், மனைவி போய், தொழில் போய் நிற்கிற மனிதனிடம் மரமும் போச்சு என்று எப்படிச் சொல்வது? டோனலின் வாய் தானாகத் திறந்தது.

"அவனுக்கென்ன, கல்லு மாதிரி நிக்கறான்."

"சரி, சுத்தியே போவோம். எங்க திருப்பற?"

டோனல் அவர் தோளைப் பிடித்து வலது பக்கம் திருப்பினார்.

அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்றுதான் அன்றைக்கு நினைத்தார். அடுத்த வாரம் சொன்னால், போன வாரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே. அதற்கடுத்த வாரம் இன்னும் கடினம். லோர்கன் இப்போதெல்லாம் கிளப் மதுக்கடைக்குள் வருவதில்லை. மேஜைமேல் இருக்கும் கிளாஸைத் தட்டிவிடுவோமோ என்று கூச்சம். அதனால் வேறு யாரும் உளறுவதற்கும் வழி இல்லை. புல் வெட்டுகிறவரிடம் டோனலே தனியாகப் போய், மரத்தைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சரி என்றார்.

மே மாதத்தில் ஒருநாள் பன்னிரண்டில் நின்று லோர்கன் காற்றை மோந்து பார்த்தார். "டேய் ரொட்டிக்காரா, இன்னிக்குத் தூக்கி அடிச்சுப் பாக்கட்டா? அந்தக் காலம் மாதிரி?"

"வேண்டாம், எதிர்க்காத்து."

"எதிர்க்காத்தா? முதுகுல இல்ல படுது எனக்கு?"

"மேல வேற மாதிரி அடிக்குது. கிளை உச்சி எல்லாம் நம்ம பக்கம் சாயுது."

இல்லாத கிளைகள். லோர்கன் பெருமூச்சு விட்டு வலது பக்கம் சுற்றி அடித்தார், ஒரு அடியை வீணாக்கினார். அதைப் பார்த்தபோது டோனலுக்கு நாக்கடியில் வெல்லக்கட்டி வைத்த மாதிரி ஒரு தித்திப்பு ஊறியது. ஊறிய மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. இது இரக்கமில்லை. கோப்பை போன அன்றைக்குக் கைதட்டிய அதே கைதான் இப்போது லோர்கனின் தோளைப் பிடித்துத் திருப்புகிறது.

அன்றிலிருந்து சோறு தண்ணி சரியாக இறங்கவில்லை. சனிக்கிழமை கோவிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், பாதிரியார் இருக்கும் தடுப்புக்கு முன்னால் முழங்காலிட்டார். மறுபக்கம் ஃபாதர் கில்லிகன். அவரும் கிளப் உறுப்பினர்தான்.

"மரம் விழுந்தத நண்பன்கிட்ட மறைச்சிட்டேன் ஃபாதர்."

"மரமா? என்ன மரம்? நம்ம பிஷப்பா?" உள்ளே சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. "டோனல், கோல்ஃப் மைதானத்துல பொய் சொல்லாதவன் இந்த மறைமாவட்டத்துலயே கிடையாதுய்யா. நானே சொல்லியிருக்கேன். மூணு தடவை அருள்நிறை மரியே ஜெபம் சொல்லிட்டு, போய் அவர்கிட்ட உண்மையச் சொல்லிடு."

மூன்றுக்குப் பதில் முப்பது சொன்னார் டோனல். உண்மையைத்தான் சொல்லவில்லை.

ஜூன் கடைசியில் கார்க் நகரத்திலிருந்து இன்னொரு பார்வையற்ற ஆட்டக்காரர் போட்டிக்கு வந்தார். டெஸ்மண்ட் குவின்லன் என்று பெயர். வழி சொல்ல அவர் மனைவி கோரா. நல்ல கட்டை உடம்பு, சந்தையில் கோழி விற்கிற குரல். முந்தின நாளே வந்து மைதானம் முழுக்க நடந்து பார்த்துவிட்டிருந்தாள். மதுக்கடையிலிருந்தும் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்கக் கூடவே வந்தார்கள். இன்று சொல்லியே ஆக வேண்டும், பத்தாவதில் சொல்லிவிடலாம் என்று டோனல் நினைத்தார். பத்தாவதில் லோர்கன் நன்றாக அடித்துவிட்டுச் சீட்டியடித்துக்கொண்டிருந்தார். அதைக் கெடுக்க மனம் வரவில்லை. பதினொன்றும் போனது.

பன்னிரண்டில் முதல் அடி டெஸ்மண்டுக்கு. கோரா புருஷனின் இடுப்பைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினாள்.

"இந்தாய்யா, இது சும்மா அல்வா மாதிரி. குறுக்க ஒண்ணுமே இல்ல. இடது பக்கம் ஒரு வெட்டுன அடிமரம் கிடக்கு, அதுக்கு மேலயே விடு. நேரா கொடிக்கு. பயப்படாம போடு!"

டெஸ்மண்ட் போட்டார். பந்து பிஷப் நின்ற இடத்துக்கு மேலே ஒய்யாரமாகப் போய் இறங்கியது. வந்திருந்தவர்கள் யாரும் கைதட்டவில்லை. விஷயம் தெரிந்த எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

லோர்கன் மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"அடிமரம்னு சொன்னாங்களே, எது?"

"பிஷப்பு" என்றார் டோனல்.

"எப்ப?"

"பிப்ரவரில. புயல்ல."

லோர்கன் தலையாட்டினார். "என்னை நேரா திருப்பு."

டோனல் குனிந்து மட்டையைப் பந்துக்குப் பின்னால் நேராக வைத்தார். லோர்கன் அடித்தார். நல்ல அடி. ஏப்ரலுக்குப் பிறகு அவர் அடித்ததிலேயே நல்ல அடி அதுதான்.

"நடுவுல, லோர்கன். அருமையா நடுவுல நிக்குது."

லோர்கன் முகத்தை மறுபக்கம் திருப்பினார். "அம்மா, கோரா அம்மா. என் பந்து எங்க போச்சு?"

கோராவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நடுவுலதான் சார். அதான் சொன்னாரே."

"சரி. நன்றிம்மா."

அதற்குப் பிறகு ஒவ்வொரு அடிக்கும் அப்படித்தான். டோனல் சொல்வதைக் கேட்டுக்கொள்வார். பிறகு எதிராளியின் மனைவியிடம் கேட்பார். பதினைந்தாவது குழியில் கோராவுக்கு விளங்கிவிட்டது. அதன்பின் அவள் குரல் தாழ்ந்துபோயிற்று. டோனலைப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டாள்.

ஆட்டத்தில் லோர்கன் ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் தோற்றார்.

டோனலின் வண்டியில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"வேற என்னடா மறைச்ச?" என்றார் லோர்கன்.

"ரெண்டு தடவை புதருக்கடியில போன பந்தக் காலால வெளிய தள்ளினேன்."

"ஏழாவது குழி? மே மாசம், குளத்தைத் தாண்டி அடிச்சேனே. கொடிக்குக் கை எட்டுற தூரத்துல நிக்குதுன்னியே. அது?"

"அது நெஜம்டா. எங்கம்மா மேல சத்தியமா நீ அடிச்சதுதான்."

"நீ கையால தூக்கி வெக்கல?"

"இல்ல."

லோர்கன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ராத்திரி தூக்கம் வராதப்ப அந்த ஒரு அடியத்தான் நெனச்சிட்டுப் படுப்பேன். இப்ப அத என்ன பண்றது நான், சொல்லு?"

மற்ற எதைவிடவும் அந்தக் கேள்விதான் டோனலை அறுத்தது. அந்தப் பந்து குளத்தைத் தாண்டி உயர்ந்து, தரையில் இரண்டு குதி குதித்து நின்றதை உலகத்திலேயே பார்த்த ஒரே ஆள் அவர். அதற்கு இருந்த ஒரே சாட்சியைச் சாட்சியாக இல்லாமல் பண்ணியவரும் அவர்தான்.

கோடை முழுக்க டோனல் மைதானத்துப் பக்கம் போகவில்லை. லோர்கனுக்கு வழி சொல்ல, ஓய்வு பெற்ற டீச்சர் மிஸ் டுவீடி போகிறாள் என்று காதில் விழுந்தது. ஊனா ஒரு வாரம் பொறுத்தாள், இரண்டு வாரம் பொறுத்தாள்.

"இப்படிச் சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருந்தா என்ன அர்த்தம்யா? போய்க் கதவத் தட்டு. அடிச்சாருன்னா வாங்கிட்டு வா."

செப்டம்பரில் ஒருநாள் போய்த் தட்டினார். லோர்கன் சமையலறையில் உட்கார்த்தி வைத்தார். டீ தரவில்லை.

"உன் மேல பரிதாபப்பட்டுத்தான் மறைச்சேன்னு இத்தனை நாள் எனக்கே சொல்லிட்டிருந்தேன்" என்றார் டோனல். "மொதல் நாள் அது நெஜம். அப்புறம் இல்ல. நீ தூக்கி அடிக்கட்டான்னு கேட்டப்ப, நீ என்னைக் கேக்க வேண்டியிருக்கேன்னு சந்தோஷமா இருந்துச்சு. நீ அடிய வீணாக்கினது சந்தோஷமா இருந்துச்சுடா. அந்தக் கோப்பை இன்னும் உள்ளயே கிடக்கு போல."

லோர்கன் மேஜைமேல் விரலால் தட்டினார்.

"இத அன்னிக்கு வண்டியிலயே சொல்லியிருக்கலாம் நீ."

"தைரியம் இல்ல."

"பொறாமைன்னா பரவால்லடா. அத்தனை வருஷம் தோத்திருக்க, கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். பரிதாபம்னியே, அதைத்தான் என்னால முழுங்க முடியல." எழுந்து தடவித் தடவிப் போய்க் கெட்டிலைப் போட்டார். "அந்த டீச்சரம்மா பள்ளிக்கூடத்துல அடிக்கிற மாதிரியே உண்மையச் சொல்றா. 'மிஸ்டர் டன், இது ரொம்ப மோசம். மிஸ்டர் டன், போன தடவையவிட மோசம்.' பள்ளம் எது மேடு எதுன்னு அவளுக்குத் தெரியவும் மாட்டேங்குது. வியாழக்கிழமை நீயும் வா. அவளும் வருவா."

அப்படித்தான் மூன்று பேராக ஆடத் தொடங்கினார்கள். டோனல் குழியை எடுத்துச் சொல்வார். எந்தப் பக்கம் சரிவு, எங்கே ஓடை, எங்கே நிறுத்த வேண்டும், எல்லாம் முன்போலவே. சொல்லி முடித்ததும் லோர்கன் மட்டையை ஓங்காமல் காத்திருப்பார். மிஸ் டுவீடி சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, "ஆமாம், மிஸ்டர் டன்" என்பாள். அதற்குப் பிறகுதான் மட்டை எழும்பும். லோர்கன் பழையபடி ரொட்டிக்காரா என்று கூப்பிட்டார், பழையபடி கேலி செய்தார், கிறிஸ்துமஸுக்கு ஊனா செய்த கேக்கைப் பாதி தின்றார். அந்த ஒரு நிமிஷக் காத்திருப்பு மட்டும் போகவில்லை. ஒவ்வொரு குழியிலும் அந்த "ஆமாம்" வருகிறவரை டோனல் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து நிற்பார்.

ஜனவரியில் மிஸ் டுவீடிக்குக் காய்ச்சல். வியாழக்கிழமை காலை டோனல் காலணியை மாட்டிக்கொண்டு லோர்கனுக்குப் போன் போட்டார்.

"டீச்சரம்மாவுக்கு உடம்பு முடியலயாம். வானம் நல்லா வெளுத்திருக்கு. நாம ரெண்டு பேரும் போலாமா?"

"அடுத்த வாரம் பாத்துக்கலாம்டா, ரொட்டிக்காரா" என்றார் லோர்கன். குரலில் கோபமே இல்லை. "அவங்களும் தேறி வந்துரட்டும்."

"சரி" என்றார் டோனல். போனை வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து காலணிக் கயிற்றை அவிழ்த்தார். ஊனா அவர் முகத்தைப் பார்த்தாள். காலணிகளை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள்.