பன்னிரண்டால் பெருக்கிய மாதம்

முதுகுக்குப் பின்னால் அவளைச் 'சல்லடை' என்றுதான் சொல்வார்கள். அரசு மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாகத் தணிக்கை வேலை. வசதியுள்ளவர் ஏழை என்று பொய் சொல்லி அட்டை வாங்கியிருந்தால் அவள் கண்ணுக்குத் தப்பாது. வியாபாரம் மந்தமாக இருந்த மாதங்களை மட்டும் காட்டி அட்டை வாங்கிய நகைக்கடைக்காரர் ஒருவரைப் பிடித்ததற்காகப் பாராட்டுக் கடிதம்கூட வந்திருக்கிறது.

இந்த முறை இருநூறு கோப்புகள் கொடுத்தார்கள். தகுதியில்லாமல் உள்ளே வந்தவர்கள் எத்தனை பேர் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பார்த்தாள். மூன்று பேர். கட்டின் அடியில் வழிதவறி வந்த ஒரு கோப்பும் கிடந்தது. அட்டை ரத்தான ஒரு பெயின்டருடையது.

ஓரமாக வைக்கப் போனவள் வருமானத்தைப் பார்த்து நின்றாள். சுவருக்கு வண்ணம் அடிக்கிறவருக்குக் கல்லூரிப் பேராசிரியர் சம்பளமா? கீழேயே கணக்கு இருந்தது. ஒரு பள்ளிக்கூடம் முழுவதையும் அடித்துக் கொடுத்த மாதத்தின் கூலியை எடுத்துப் பன்னிரண்டால் பெருக்கியிருந்தார்கள். மழைக்காலத்தில் நான்கு மாதம் அவருடைய பிரஷ் நனையவே இல்லை என்பதற்கு மேஸ்திரி எழுதிக்கொடுத்த தாள் அதே கோப்பில் இருந்தது. யாரும் புரட்டியதாகத் தெரியவில்லை.

ரத்தானவர்களின் அலமாரியைத் திறக்கச் சொன்னாள்.

"அது உங்க லிஸ்ட்லயே இல்லையே மேடம்," என்றார் எழுத்தர்.

"இல்லாததாலதான் கேக்கறேன். சாவியைக் குடுங்க."

கைக்கு வந்தபடி நூறு கோப்புகளை எடுத்தாள். அறுபத்தொன்றில் அதே பெருக்கல்.

சனிக்கிழமை பெயின்டரைத் தேடிப் போனாள். டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. கதவைத் திறந்த அவர் மனைவி, காப்பீட்டு அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும், "இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்றாள்.

பெயின்டர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இடது கால் முழங்காலோடு முடிந்திருந்தது. சர்க்கரை நோய். பாதத்தில் வந்த சின்னப் புண்ணை, அட்டை போன பயத்தில் ஆஸ்பத்திரிக்குக் காட்டாமல் மஞ்சள் பூசியே ஏழு வாரம் ஓட்டியிருக்கிறார்.

"ஒரு நாள் வயிறாரச் சாப்பிட்டவனுக்கு வருஷம் பூரா பசிக்காதுன்னு எழுதிட்டீங்க. எந்தப் புண்ணியவான் போட்ட கணக்கு மேடம் இது?"

"கண்டுபிடிச்சுச் சொல்றேன்."

திங்கட்கிழமையே பழைய உத்தரவுகளைத் தோண்டினாள். அந்தப் பெருக்கல் விதிக்கு ஏழு வயது. அதற்கு ஆதாரமாக ஒரு தணிக்கைக் குறிப்பை இணைத்திருந்தார்கள். 'அதிக வருமானம் வந்த மாதத்தை வைத்துக் கணக்கிடலாம்.' நகைக்கடைக்காரரை மனதில் வைத்து எழுதிய ஒற்றை வரி. கீழே இருந்தது அவளுடைய கையெழுத்து.

அன்று இரவு சமையலறையில் பாத்திரங்கள் உருண்ட சத்தத்தில், பஸ் மெக்கானிக்கான அவள் கணவர் எட்டிப் பார்த்தார். "பாத்திரம் என்ன பாவம் பண்ணுச்சு?"

"பாவம் பண்ணது நான். ஒரு வரி எழுதினேன். ஒரு ஆளுக்குக் காலே போச்சு."

"நீ வேணும்னா செஞ்ச?"

"வேணும்னு செஞ்சிருந்தா யோசிச்சாவது செஞ்சிருப்பேன். அது யார் தலையில போய் விழும்னு ஒரு நிமிஷம் நினைக்கலையே!"

அறிக்கையில் ஒரு பக்கத்தைச் சேர்த்தாள். விதி தவறு, அதற்குக் காரணமான குறிப்பு தன்னுடையது, அதுவும் தவறு. இயக்குநர் அவளைவிடப் பத்து வயது சின்னவர். படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உள்ள வந்தவங்களைப் பத்திக் கேட்டா, வெளிய போனவங்களைப் பத்தி எழுதியிருக்கீங்க. தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்குவாங்களா மேடம்?"

"என் தலை, என் மண்ணு, சார்."

"அந்தப் பக்கத்தை எடுத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

"மூணு பேருக்குப் பயந்து கதவை அடிச்சுச் சாத்தியிருக்கோம். இடுக்குல எத்தனை பேர் விரல் நசுங்குச்சுன்னு பார்க்கவே மாட்டோமா? அந்தப் பக்கம் இல்லாம என் கையெழுத்து இல்ல."

பதினோரு நாள் இழுபறி. கெடு நெருங்கியது. கையெழுத்தில்லாத அறிக்கையை மேலே அனுப்ப முடியாது. இயக்குநர் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பக்கத்தோடேயே அனுப்பினார். ஐந்து மாதம் கழித்து விதி மாறியது. இனி வருடம் முழுவதற்குமான கூலியைக் கூட்டித்தான் பார்க்க வேண்டும். அந்த வருடம் அவளுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. 'கொடுத்த வேலையின் எல்லையை மீறியவர்' என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

அதைக்கூட விழுங்கிவிட்டாள். விழுங்க முடியாதது வேறு. ஏற்கெனவே ரத்தானவர்கள் தாங்களாக வந்து மறுபடி மனுக் கொடுக்க வேண்டுமாம். அவர்களுக்கு ஒரு கடிதம் போடக்கூட உத்தரவில் இடமில்லை.

சாப்பாட்டு வேளைகளில் தானே அந்த அறுபத்தொரு பேருக்கும் பெயின்டருக்கும் போன் போட ஆரம்பித்தாள். பாதிப் பேர் மோசடி என்று வைத்துவிட்டார்கள். பெயின்டர் வீட்டில் அவர் மனைவி எடுத்தாள்.

"அட்டைக்குப் புதுசா மனு குடுக்கலாம்மா."

"காலுக்கும் குடுக்கலாமா?"

"அந்தக் கணக்கு யார் போட்டதுன்னு கேட்டாரு இல்ல உங்க வீட்டுக்காரர்? நான்தான்மா. நான் எழுதினதுதான்."

அந்தப் பக்கம் வசவு தொடங்கியது. பத்து நிமிடம், மூச்சு விடாமல். இவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஒரு வார்த்தை சமாதானம் சொல்லவில்லை. எதிர்முனையில் இருமல் வந்து வசவு நின்றது. பேனாவைத் தேடுகிற சத்தம் கேட்டது.

"சரி, சொல்லு. என்னென்ன தாள் வேணும்?"

சொன்னாள். அந்தப் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டாள். சாப்பாட்டு வேளை முடிய இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. அடுத்த எண்ணை அழுத்தினாள்.